வயர் நின்ற இடம்: கை வழி ஆஞ்சியோவில் வரும் தடங்கல்கள்

கேத் லேபில், அதாவது ரத்தக் குழாய் வழியாக இதயம் வரை போய் ஆஞ்சியோ என்கிற குழாய்ப் படம் எடுக்கும் அறையில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணே, அனாட்டமி எல்லாம் முதல் வருஷத்தோட முடிஞ்சுபோச்சே, இங்கே எதுக்கு அது?" அன்று மூன்றாவது கேஸில், இதயம் வரை போகும் மெல்லிய குழலான கதீட்டருக்கு முன்னால் வழிகாட்டிப் போகும் வயர் முழங்கைப் பக்கம் நின்றது. மானிட்டரைக் காட்டி, "இப்போ இது எந்தக் குழாய்க்குள்ள இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்றேன். முழித்தார். அவருக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

முடிவெடுப்பது டாக்டர். ஆனால் பக்கத்தில் நிற்கும் டெக்னாலஜிஸ்டும் நர்ஸும் வயர் நின்ற இடத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தால், அடுத்து என்ன கேட்பார்கள் என்பது கேட்கும் முன்பே கையில் தயாராக இருக்கும்.

முதலில் பாதை. மணிக்கட்டில் ரேடியல் தமனி, முழங்கைக்குச் சற்றுக் கீழே அது பிரேக்கியலோடு சேர்கிறது, அக்குளில் ஆக்சிலரி, காலர் எலும்புக்கு அடியில் சப்கிளேவியன், வலப்பக்கமாக இருந்தால் அதற்கப்புறம் பிரேக்கியோசெஃபாலிக், பிறகு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியான அயோட்டா. மவுண்ட் ரோடு கத்திப்பாராவைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோடு ஆகிறதே, அந்த மாதிரிதான். ரோடு ஒன்று, பெயர்தான் மாறுகிறது. இடப்பக்கத்தில் பிரேக்கியோசெஃபாலிக் கிடையாது. சப்கிளேவியன் நேராக அயோட்டாவில் இருந்தே கிளம்புகிறது. இந்த ஒரு வித்தியாசம் கீழே பல இடங்களில் வரும்.

1989-இல் மான்ட்ரியாலில் லூசியன் காம்போ கை வழியாக இதய ஆஞ்சியோ செய்து காட்டியபோது, இவ்வளவு மெல்லிய குழாயில் போவதா என்று தயங்கியவர்கள் அதிகம். ரேடியலின் உள்விட்டம் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 மி.மீ. தான். கதீட்டர் போய்வர மணிக்கட்டில் பொருத்தும் உறைதான் ஷீத்; 6 ஃப்ரெஞ்ச் (ஃப்ரெஞ்ச் என்பது விட்டத்துக்கான அளவு) ஷீத்தின் வெளிவிட்டம் ஏறக்குறைய 2.5 மி.மீ. ஷீத்துக்குச் சொல்லும் ஃப்ரெஞ்ச் கணக்கு உள்விட்டம், கதீட்டருக்குச் சொல்வது வெளிவிட்டம்; இதைக் குழப்பிக்கொள்ளாத ஜூனியரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆக, குழாயும் ஷீத்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. தடங்கல்களில் பாதி இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

நாடி நன்றாகத் தட்டுகிறது, ஊசியில் ரத்தம் வரவில்லை

சித்த வைத்தியர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் பார்க்கிற அதே இடம்தான். அங்கே ரேடியல், எலும்பின் மேல் படுத்திருக்கிறது, அதனால் விரலுக்கு நன்றாகக் கிடைக்கிறது. ஊசிக்கு நல்ல இடம் அதைவிடச் சற்று மேலே. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தும் எலும்பு முனையிலிருந்து சுமார் 2 செ.மீ. முழங்கைப் பக்கம் தள்ளிக் குத்த வேண்டும். அதற்குக் கீழே போனால் குழாய் கிளை பிரிந்து மெலிகிறது. அங்கே குழாயை மூடியிருக்கும் கெட்டியான நார்ப் பட்டையும் தடுக்கும்.

பார்க்க வேண்டியவை: மணிக்கட்டுக்கு அடியில் வைத்த துண்டு ரொம்பப் பெரிதாக இருக்கிறதா? கை அளவுக்கு மீறிப் பின்னால் வளைந்தால் குழாய் இழுபட்டுத் தட்டையாகிவிடும். மரப்பு ஊசி அதிகமாகப் போட்டாயிற்றா? 1 மில்லிக்கு மேல் போனால் வீக்கத்தில் நாடியே மறைந்துவிடும். ஊசி இரண்டு சுவரையும் தாண்டிவிட்டதா? அப்படியானால் மெல்லப் பின்னால் இழுத்தாலே ரத்தம் பீறிடும். ஊசி மேல் பிளாஸ்டிக் குழல் போர்த்திய கேனுலா முறையில் வேண்டுமென்றே இரண்டு சுவரையும் தாண்டித்தான் குத்துகிறோம், அதனால் அது குற்றமல்ல.

மூன்று முறை குத்தியும் வரவில்லை என்றால் நாலாவது குத்து வேண்டாம். குழாய் சுருங்கியிருக்கும். அல்ட்ராசவுண்ட் எடுங்கள். ரேடியல் இரண்டு சின்ன சிரைகளுக்கு நடுவே தெரியும். புரோபால் லேசாக அழுத்தினால் சிரைகள் மூடிக்கொள்ளும், தமனி துடித்துக்கொண்டே இருக்கும். சிலருக்கு அங்கே தமனியே இருக்காது. ரேடியல் முன்கையிலேயே புறங்கைப் பக்கம் திரும்பிவிட, விரலுக்குத் தட்டுவது உள்ளங்கைக்குப் போகும் சின்னக் கிளையாக இருக்கும். அதில் ஷீத் போகாது. விரல் இதைச் சொல்லாது, அல்ட்ராசவுண்டுதான் சொல்லும்.

ரத்தம் பீறிடுகிறது, வயர் இரண்டு செ.மீ.க்கு மேல் போகவில்லை

ஊசி முனை பின்சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். கோணத்தைக் குறைத்து, ஊசியை லேசாகத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் போகவில்லையென்றால் வயர் சின்னக் கிளையில் இருக்கலாம், அல்லது சுவரின் அடுக்குகளுக்கு நடுவே நுழைந்திருக்கலாம். ஒரு எச்சரிக்கை: வழுக்கும் பூச்சுள்ள வயரை இரும்பு ஊசி வழியாகப் பின்னால் இழுக்கக் கூடாது. ஊசியின் முனை பூச்சை உரித்து உள்ளேயே விட்டுவிடும். ஊசியையும் வயரையும் சேர்த்தே வெளியே எடுங்கள்.

முழங்கைப் பக்கம் வயர் தயங்குகிறது

இதில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர், குள்ளமான ஒல்லி உடம்பு. கையில் கழற்றவே முடியாத ஒரு காப்பு, அதைத் துணி சுற்றி மேலே ஏற்றியிருந்தோம். வயர் சுலபமாகவே போனது. எக்ஸ்-ரே போடாமலே இரண்டு இன்ச் கூடத் தள்ளியாயிற்று. பாட்டி மெல்லச் சொன்னார்: "ஏம்ப்பா, மேக்கையில என்னமோ ஊருது." ஃப்ளூரோ (ஓடும் எக்ஸ்-ரே படம்) போட்டுப் பார்த்தால் வயர் மேற்கையின் வெளிப்பக்கமாக, நூல் மாதிரி ஒரு குழாயில் நிமிர்ந்து நின்றது. பிரேக்கியல் உள்பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்!

நடந்தது இதுதான். சிலருக்கு ரேடியல், பிரேக்கியலோடு சேரும் முன் ஒரு முழு வட்டம் அடிக்கிறது. லூப் என்கிறோம். அந்த வட்டத்தின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய கிளை நேராக மேலே போகிறது. வயருக்கு நேர் வழிதான் பிடிக்கும். வட்டத்தில் திரும்பாமல் கிளையில் ஏறிவிடும். தள்ளுகிறவர் விரலுக்குத் தடையே தெரியாது, ஏனென்றால் வயர் மெல்லியது. அதன் பின்னால் கதீட்டர் வரும்போதுதான் கிளை கிழியும்.

100 பேரில் இரண்டு பேருக்கு இப்படி முழு லூப் இருக்கும். எண்ணிக்கை சின்னது, ஆனால் தோல்வி அதிகம். லூப் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கையை விட்டு வேறு வழி தேட வேண்டிவந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: வயர் முழங்கையில் சிறிதளவு தயங்கினாலும் நிறுத்துங்கள். ஷீத்தின் பக்கக் குழாயில் ரத்தம் திரும்பி வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்துவிட்டு, எக்ஸ்-ரேயில் குழாயைக் காட்டும் டை 3 மில்லியோடு அதே அளவு சலைன் கலந்து மெதுவாகக் கொடுத்து ஒரு படம் எடுங்கள். அப்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கை கவிழ்ந்திருந்தால் முன்கையின் இரண்டு எலும்பும் குறுக்காக விழுந்து, குழாய்களும் ஒன்றன்மேல் ஒன்று தெரியும். அதைப் பார்த்து லூப் இருக்கிறது என்று ஏமாந்தவர்களும் உண்டு.

படத்தில் லூப் உறுதியானால், 0.014 இன்ச் வயரை எடுத்து வைக்கலாம். இதயக் குழாய்க்குள் போகிற அந்த மென்மையான வயர் வட்டத்துக்குள் திரும்பும். அது பிரேக்கியலில் நல்ல உயரத்துக்குப் போனபின் 4 அல்லது 5 ஃப்ரெஞ்ச் கதீட்டரை ஏற்றி, இரண்டையும் சேர்த்து மெல்ல இழுத்தபடி திருப்பினால் வட்டம் அவிழ்ந்து நேராகும். அவிழும்போது நோயாளிக்கு வலிக்கும். சட்டென்று வலி கூடினால் அத்துடன் விட்டுவிட வேண்டும். வட்டம் சின்னதாகவும் இறுக்கமாகவும் இருந்தால் முயற்சியே வேண்டாம் என்பது என் எண்ணம். வலக் கையில் லூப் என்பதற்காக இடக் கையிலும் இருக்கும் என்றில்லை, அங்கே போய்ப் பார்க்கலாம்.

வயர் போய்விட்டது, கதீட்டர்தான் மாட்டுகிறது என்றால் காரணம் வேறு. மெல்லிய வயரைச் சுற்றிக் கதீட்டரின் வாய் பெரிதாகத் திறந்திருக்கிறது. வளைவில் அதன் விளிம்பு சுவரை ரேஸர் மாதிரி சீவும். இதற்கு அகமதாபாத்தின் தேஜஸ் படேல் குழு எழுதிய வழி அழகானது: கதீட்டரின் வாயில் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி ஒரு சின்ன பலூனை வைத்துக் குறைந்த அழுத்தத்தில் ஊதுவது. 6 ஃப்ரெஞ்சுக்கு 2 மி.மீ. பலூன், 5 ஃப்ரெஞ்சுக்கு 1.5. விளிம்பு மறைந்து, முனை மழுங்கிய கூம்பாகிவிடும். பிறகு பாருங்கள், மாட்டிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும்.

பாட்டிக்கு என்ன ஆயிற்று என்றால், கிளை கிழியவில்லை. வயரை எடுத்துவிட்டு இடக் கையில் முடித்தோம். போகும்போது காப்பு இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

கதீட்டர் கை முழுக்க இறுக்குகிறது

இரண்டு சந்தேகம். ஒன்று ஸ்பாசம், அதாவது குழாய் இறுகிச் சுருங்குவது. ரேடியலின் சுவர் முழுக்கத் தசை. அட்ரினலினுக்கு உடனே சுருங்கும். பயந்த நோயாளி, குளிர்ந்த அறை, பலமுறை குத்தியது, அடிக்கடி கதீட்டர் மாற்றியது எல்லாம் சேர்ந்து குழாயைப் பிடித்துவிடும். குழாயைத் தளர்த்தும் நைட்ரோ 100 முதல் 200 மைக்ரோகிராம், தேவையானால் அதே வேலை செய்யும் வெராபமில், வலிக்கும் பயத்துக்கும் மருந்து, அப்புறம் கொஞ்சம் பொறுமை. "ஐயா, முடிஞ்சிடும், கையைத் தளர விடுங்க" என்று ஒருவர் தலைமாட்டில் நின்று பேசுவதும் மருந்துதான். இறுக்கும்போது பலமாக இழுத்தால் குழாயின் உள்தோலே உரிந்து கதீட்டரோடு வந்த சம்பவங்கள் உண்டு.

இன்னொன்று, ரேடியல் பிரியும் இடமே உயரத்தில் இருப்பது. 100 பேரில் ஏறக்குறைய 7 பேருக்கு ரேடியல் முழங்கையில் பிரியாமல் மேற்கையிலோ அக்குளிலோ பிரிந்து, கை நெடுக ஒல்லியாகவே வருகிறது. படத்தில் மேற்கையில் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு தெரியும். இது லூப் மாதிரி பயமுறுத்தும் விஷயமல்ல. சின்ன கதீட்டருக்கு மாறினால் பெரும்பாலும் முடித்துவிடலாம். ஆனால் ஸ்பாசம் அதிகம் வரும், அதனால் நைட்ரோவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

முன்கை வீங்குகிறது, கல் மாதிரி இருக்கிறது

எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. பதறிப்போய் எல்லாவற்றையும் உருவிவிடாதீர்கள். கதீட்டர் ஓட்டையைத் தாண்டி உள்ளே இருந்தால் அதுவே அடைப்பானாக வேலை செய்யும். பல சமயம் கேஸ் முடிவதற்குள் ஓட்டை மூடிக்கொள்ளும். வெளியே, வீங்கிய இடத்தில் பி.பி. பட்டையைச் சுற்றி, மேல் அழுத்தத்தைவிட 15 போலக் குறைவாக ஊதி, 15 நிமிடம் வைத்துப் பிறகு தளர்த்திப் பாருங்கள். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் தோலில் வரைந்து, பக்கத்தில் நேரம் எழுதுங்கள்.

முன்கைத் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. ரத்தம் அந்த உறைக்குள் தேங்கினால் நரம்பும் தசையும் நசுங்கும். விரல்களை நாம் நீட்டிவிடும்போது உயிர்போகிற வலி, மரத்துப்போவது, இவைதான் முதல் அடையாளம். "நாடி இருக்கே, பரவாயில்ல" என்பது இந்த இடத்தில் தப்பான வாக்கியம். நாடி நிற்பது கடைசியில். அதற்கு முன்பே சர்ஜன் வந்திருக்க வேண்டும்.

தோளைத் தாண்டியதும் வயர் கண்ட பக்கம் போகிறது

முழங்கைக்கு மேல் வயரைக் கண்ணால் பார்க்காமல் தள்ளக் கூடாது. மேல்நோக்கிக் கழுத்துக்குப் போனால் அது வெர்டிப்ரலாகவோ வலக் கரோட்டிடாகவோ இருக்கும். இரண்டும் மூளைக்குப் போகிற வழி. கொஞ்சம் இழுத்து வேறு பக்கம் திருப்புங்கள்.

இன்னொரு பொறி. வயர் கீழ்நோக்கிப் போகிறது, சரி, அயோட்டாவில் இறங்கிவிட்டது என்று நினைப்போம். ஆனால் அது மார்பெலும்பின் வலப்பக்கத்தை ஒட்டியே கீழே போகும். அப்படியானால் அது உள்மார்புத் தமனி. பைபாஸ் செய்தவர்களுக்கு விலை மதிப்பற்ற குழாய், முக்கியமாக இடப்பக்கம் உள்ளது. அவர்களுக்கு முதலிலேயே இடக் கை வழியாகப் போவதன் காரணமும் அதுதான். ஒட்டிய குழாயின் வாய் அந்தப் பக்கத்துச் சப்கிளேவியனில் இருக்கிறது.

வயதான, குள்ளமான, நெடுநாள் பி.பி. உள்ள பெண்களுக்குச் சப்கிளேவியனும் பிரேக்கியோசெஃபாலிக்கும் மலைப்பாதை மாதிரி வளைந்து கிடக்கும். இதற்கு நோயாளியிடமே மருந்து இருக்கிறது. "அம்மா, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க." உதரவிதானம் இறங்கும்போது இதயமும் அயோட்டாவும் கீழே இழுபட, வளைவு நிமிர்கிறது. அந்த நாலைந்து நொடியில் வயர் இறங்கிவிடும்.

மூச்சு இழுத்தும் வயர் ஒவ்வொரு முறையும் இறங்கு அயோட்டாவுக்கே போகிறதா? இடச் சாய்வுக் கோணத்துக்கு மாற்றிப் படத்தைப் பாருங்கள். கதீட்டர் வலத் தோளிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய், அங்கிருந்து கொண்டை ஊசி போலத் திரும்பித்தான் ஏறு அயோட்டாவுக்கு வர முடிகிறது என்றால், அது ஆர்ட்டீரியா லூசோரியா. வலச் சப்கிளேவியன் தன் இடத்தில் பிறக்காமல், அயோட்டா வளைவின் கடைசிக் கிளையாக இடப்பக்கத்தில் பிறந்து, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் ஊர்ந்து வலக் கைக்கு வருகிறது. விழுங்க முடியாமல் அவதிப்பட்ட ஒரு பெண்ணின் உடலில் இதைக் கண்ட டேவிட் பேஃபர்ட் 1794-இல் எழுதினார். லத்தீனில் இயற்கையின் விளையாட்டு என்று பொருள்படும் சொற்களிலிருந்து அந்தப் பெயர் வந்தது. இருநூறு பேரில் ஒருவர் என்ற அளவில் நாமும் பார்ப்போம். தேர்ந்த கைகள் இதிலும் முடித்துவிடுகின்றன, ஆனால் டையும் எக்ஸ்-ரே நேரமும் ஏறிக்கொண்டே போனால் இடக் கைக்கு மாறுவது அவமானமல்ல.

இதயக் குழாயின் வாய் கிடைக்கவில்லை

சுருக்கமாக: வலக் குழாய் வழக்கமான இடத்தில் இல்லையென்றால், அது உயரத்தில் முன்பக்கமாகவோ அயோட்டா அடியின் இடது குழியிலிருந்தோ பிறந்திருக்கலாம். ஒவ்வொரு கதீட்டராக மாற்றி மாற்றித் தேடுவதைவிட, அயோட்டாவின் அடியில் டை கொடுத்து ஒரே படத்தில் இரண்டு வாயையும் பார்ப்பது மேல்.

தொடைக்கு மாறினோம், பிறகு இடுப்பிலும் முதுகிலும் வலி என்கிறார்

கவட்டை மடிப்பைப் பார்த்துக் குத்துவது பழைய பழக்கம். பருமனானவர்களுக்கு அந்த மடிப்பு, கவட்டையின் உண்மையான எல்லையான இங்குவினல் லிகமென்ட் என்ற நார்ப் பட்டைக்கு வெகு கீழே தொங்கும். நம்ப வேண்டியது தொடை எலும்பின் தலையைத்தான். ஒரு கிளாம்பைத் தோல் மேல் வைத்து ஃப்ளூரோவில் பார்த்து, குழாயில் ஊசி இறங்கும் இடம் அந்தத் தலையின் மேலேயே அமையும்படி பாருங்கள். பின்னால் எலும்பு இருந்தால்தான் எடுத்தபிறகு அழுத்தி நிறுத்த முடியும்.

அதற்கு மேலே குத்தினால் ரத்தம் வயிற்றறைக்குப் பின்னால் உள்ள தளர்வான இடத்தில் போய்த் தேங்கும். வெளியே ஒரு சொட்டு வீக்கம்கூடத் தெரியாது. கேஸ் முடிந்து ஒரு மணி நேரத்தில் முதுகு வலி, விலாவில் வலி, வியர்வை, பி.பி. இறக்கம், நாடி ஏற்றம் என்று வந்தால் "ரொம்ப நேரம் படுத்திருந்ததால வலிக்குது" என்று தேற்றாதீர்கள். டாக்டரைக் கூப்பிட்டு, சி.டி.க்கு வழி செய்யுங்கள். கீழே குத்தினால் வேறு கதை. குழாய் அங்கே இரண்டாகப் பிரிந்திருக்கும், பின்னால் எலும்பு இல்லை, சிரையும் ஒட்டி ஓடும். மறுநாள் துடிக்கும் கட்டியோ, கை வைத்தால் அதிரும் இடமோ தெரிந்தால் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுக்க வேண்டும்.

மறுநாள் கையில் நாடி இல்லை, அல்லது இருக்கிற மாதிரி இருக்கிறது

இந்த "இருக்கிற மாதிரி"தான் ஏமாற்றுகிறது. ரேடியல் அடைத்துப்போன பிறகும், சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் தமனியிலிருந்து உள்ளங்கை வளைவுகள் வழியாக ரத்தம் பின்பக்கமாக வந்து மணிக்கட்டில் தட்டும். சோதிக்க, கட்டைவிரலில் ஆக்சிமீட்டர் மாட்டி அல்நாரை அழுத்துங்கள். அலை படுத்துவிட்டு எழவே இல்லையென்றால் ரேடியல் மூடியிருக்கிறது. பெரும்பாலானோருக்கு வலியோ குளிர்ச்சியோ இருக்காது, அந்த வளைவுகள்தான் காப்பாற்றுகின்றன. ஷீத் எடுத்த சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டால், அல்நாரை ஒரு மணி நேரம் அழுத்தி வைத்து ரேடியலில் ஓட்டத்தைக் கூட்டுவதால் திறந்துகொண்டவர்கள் உண்டு. இதை டாக்டர் சொன்ன பிறகு செய்யுங்கள். ஷீத் எடுத்தபின் மணிக்கட்டில் கட்டும் பட்டையை இறுக்கிக் கட்டாமல், நாடி ஓடும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் இந்த நிலையே குறையும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நாளை டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைப்பது) போட இதே ரேடியல் வேண்டியிருக்கும். அவர்களுக்கு எந்தக் கை என்பதை ஷீத்தைப் பிரிக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். ஃபிஸ்டுலா ஏற்கனவே இருக்கும் கையைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் ஒரு காரியம். லூப், உயரப் பிரிவு, லூசோரியா எதைப் பார்த்தாலும் கேஸ் ஷீட்டில் ஒரு சின்னப் படமாக வரைந்து, எந்தக் கை என்று எழுதி வையுங்கள். அந்த நோயாளி மூன்று வருடம் கழித்து நடு ராத்திரியில் மாரடைப்போடு வருவார். அன்று மேசையில் நிற்பவருக்கு அந்தக் கோணல் படம் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.